புரட்டாசிக் கடனும் மாசி மகசூலும்
(பெண் விவசாயிகளுக்கான சிறுகடன் பற்றி வணிகர்கள் அறிய வேண்டியவை)

வீரசோழன் வாரச்சந்தையில் கடை விரிப்போருக்கும், நரிக்குடி, திருச்சுழி, அருப்புக்கோட்டை ஊர்களில் மளிகை, விதை, உரக் கடைகளும் கமிஷன் மண்டிகளும் நடத்தி வரும் நம் உறுப்பினர்களுக்கும் இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. புரட்டாசியில் சரக்கு கடையை விட்டு வெளியே போகும். அதற்குரிய பணம் தை, மாசியில்தான் வந்து சேரும். இடைப்பட்ட நான்கைந்து மாதங்களும் நம் பேரேட்டில் பற்று மட்டுமே ஏறிக்கொண்டிருக்கும்.

கடந்த முப்பது ஆண்டுகளில் இந்தப் பேரேட்டுக்குப் பக்கத்தில் வேறு இரண்டு பேரேடுகள் வந்துவிட்டன. ஒன்று மகளிர் சுய உதவிக் குழுவினுடையது. மற்றொன்று வாரத் தவணை வசூலிக்கும் நுண்கடன் நிறுவனத்தினுடையது. மூன்றுக்கும் பணம் கட்டுவது பெரும்பாலும் ஒரே குடும்பம்தான்.

இந்தச் சிறுகடன்களால் கிராமத்து வறுமை குறைந்திருக்கிறதா? நம் வியாபாரத்துக்கு இவை அனுகூலமா, போட்டியா? இக்கேள்விகளை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

வானம் பார்த்த பூமியின் வரவு செலவு

விருதுநகர் மாவட்டம் 1985ல் பழைய இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரிந்தது. 2018ல் மத்திய அரசு பின்தங்கிய மாவட்டங்களைத் தெரிவு செய்து, முன்னேற விழையும் மாவட்டங்கள் என்ற திட்டத்தைத் தொடங்கியபோது, தமிழகத்திலிருந்து இராமநாதபுரமும் விருதுநகருமே அதில் இடம் பெற்றன. தொழில் நகரங்களுக்குப் பெயர் பெற்ற மாவட்டம் அந்தப் பட்டியலில் சேர்ந்ததற்கு நம் கிழக்குப் பகுதி மானாவாரி கிராமங்களின் நிலையும் ஒரு காரணம் எனலாம்.

இங்கு விவசாயம் வடகிழக்குப் பருவமழையையும் கண்மாயையும் நம்பியது. புரட்டாசி, ஐப்பசியில் விதைப்பு. கார்த்திகையில் களையெடுப்பு. உளுந்து, பாசிப்பயறு, கொத்தமல்லி, கம்பு, குதிரைவாலி முதலியவை மார்கழி கடைசியிலிருந்து மாசிக்குள் வீடு வந்து சேரும். பருத்தியும் மிளகாயும் பங்குனி, சித்திரை வரை இழுக்கும். ஆக, செலவு முழுவதும் முதல் மூன்று மாதத்தில். வரவு முழுவதும் கடைசி மூன்று மாதத்தில். மற்ற நாட்களில் ஆடு, கோழி, கூலி வேலை, கரிமூட்டம் இவைதான் அடுப்பெரிக்கின்றன.

விதைப்பது முதல் களையெடுப்பது, மிளகாய்ப் பழம் பறிப்பது, பருத்தி எடுப்பது, உலர்த்துவது, புடைப்பது வரை பெரும்பகுதி வேலை பெண்களுடையது. ஆனால் பட்டா பெரும்பாலும் கணவர் பெயரில் அல்லது மாமனார் பெயரில் இருக்கும். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கச் சிட்டாவும் அடங்கலும் கேட்பார்கள். நிலத்தில் நாள் முழுவதும் நிற்கும் பெண், ஆவணப்படி விவசாயி அல்ல. அதனால் அவருக்கு எட்டிய கடன்கள் இரண்டே இரண்டாக இருந்தன. ஒன்று கடைப் பற்று, மற்றொன்று வட்டிக்காரர்.

குழுக் கடன் வந்த வழி

வங்கதேசத்தில் பேராசிரியர் முகம்மது யூனுஸ் 1976ல் ஜோப்ரா என்ற கிராமத்தில் ஏழைப் பெண்களுக்குச் சிறு தொகைகளைக் கடன் தந்து தொடங்கிய சோதனை, 1983ல் கிராமீன் வங்கியாக உருவெடுத்தது. 2006ல் அவருக்கும் அவ்வங்கிக்கும் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது நாம் அறிந்ததே.

நம் நாட்டில் வழி சற்று வேறு. இங்கு முதலில் சேமிப்பு, பிறகுதான் கடன். பத்து முதல் இருபது பெண்கள் சேர்ந்து மாதாமாதம் ஒரு சிறு தொகையைச் சேமித்து, அதைத் தங்களுக்குள்ளேயே சுற்றுக்கு விட்டு, கணக்கு எழுதிப் பழகுவார்கள். அதன் பிறகு வங்கி அந்தக் குழுவின் நாணயத்தைப் பார்த்து, ஈடு எதுவும் கேட்காமல் கடன் கொடுக்கும். 1992ல் நபார்டு வங்கி 500 குழுக்களை வங்கியோடு இணைக்கும் முன்னோட்டத் திட்டமாக இதைத் தொடங்கியது. 2023ல் நாடு முழுவதும் 1 கோடியே 30 லட்சத்துக்கும் மேற்பட்ட குழுக்கள் வங்கியில் சேமிப்புக் கணக்கு வைத்திருந்தன.

தமிழ்நாட்டில் இதற்கு முன்பே, 1989ல் தர்மபுரி மாவட்டத்தில், சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் குழுக்களை அமைக்கத் தொடங்கியது. சேலம், தென்னாற்காடு, மதுரை, இராமநாதபுரம் மாவட்டங்களுக்கு அது பரவியது. 1997-98 முதல் மகளிர் திட்டம் என்ற பெயரில் மற்ற மாவட்டங்களுக்கும் விரிந்தது.

அதே காலத்தில் மதுரைப் பக்கம் 'களஞ்சியம்' என்ற பெயரில் தானம் அறக்கட்டளையின் குழுக்கள் வளர்ந்தன. விவசாயக் கூலியாக இருந்த புல்லுசேரி சின்னப்பிள்ளை அந்த இயக்கத்தின் தலைவிகளுள் ஒருவராக உயர்ந்தார். 2001ல் டெல்லியில் அவருக்கு ஸ்த்ரீ சக்தி விருது வழங்கிய பிரதமர் வாஜ்பாய் அவரது பாதம் தொட்டு வணங்கியதை நாடே பார்த்தது. 2019ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருதும் அளிக்கப்பட்டது.

நமக்குப் பழகிய முறைதான்

சிறு தொகையைத் தவறாமல் ஒதுக்கிப் பொதுவில் சேர்ப்பது நம் வணிக ஊர்களுக்குப் புதிதல்ல. விருதுநகர், அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி ஊர்களில் மூட்டைக்கு இவ்வளவு என்று ஒதுக்கிய மகமையால் பள்ளிக்கூடங்கள் எழுந்தன. காமராஜர் படித்த விருதுநகர் சத்திரிய வித்தியாசாலைக்கு வீட்டுக்கு வீடு ஒதுக்கிய பிடியரிசி துணையாக இருந்தது. 1921ல் தூத்துக்குடியில் நாடார் வங்கி என்ற பெயரில் தொடங்கிய வங்கி, இன்று தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கியாக நிற்பதற்கும் சிறு வணிகர்களின் ஒற்றுமையே அடித்தளம்.

பணம் சேர்ப்பவரும் அதை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்பவரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள் என்பதுதான் அந்த ஏற்பாடுகளின் பலம். நல்ல மகளிர் குழுவின் பலமும் அதுவே. ஆதலால் இதை அரசாங்கத் திட்டம் என்று மட்டும் பார்க்காமல், நம் மகமையின் தங்கை என்று பார்ப்பது பொருந்தும்.

வட்டியைக் கணக்கிடும் பாடம்

எந்தக் கடன் மலிவு என்று பார்ப்பதற்கு முன், வட்டியை ஒரே அளவுகோலால் அளக்கத் தெரிய வேண்டும். இரண்டு எடுத்துக்காட்டுகள்:

1. தண்டல்: கையில் ரூ.9,000 கொடுத்து, தினம் ரூ.100 வீதம் 100 நாளில் ரூ.10,000 வசூலிப்பது. வட்டி ரூ.1,000தானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே பணம் திரும்பிக்கொண்டிருப்பதால், வாங்கியவர் கையில் சராசரியாக இருந்தது ரூ.4,500 மட்டுமே. அதற்கு 100 நாளில் ரூ.1,000 என்றால், ஆண்டுக்கு நூற்றுக்குச் சுமார் 81 ஆகிறது.

2. ஃபிளாட் வட்டி: ரூ.10,000 கடன், 12 சதவீதம், 12 மாதத் தவணை. வட்டி ரூ.1,200. அசல் மாதாமாதம் குறைந்தாலும் வட்டி முழு அசலுக்கும் போடப்படுகிறது. சராசரி நிலுவை சுமார் ரூ.5,400தான். உண்மை வட்டி நூற்றுக்குச் சுமார் 22.

கடன் வாங்கும் பெண்களுக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. கணக்கு நம் தொழில்; நம் கடைக்கு வருபவர்களுக்கு நாம் சொல்லித் தரலாம்.

ஒரே செலவு, மூன்று கடன்

இப்போது நம் ஊர் நிலைமைக்கு வருவோம். எடுத்துக்காட்டுக்காக மட்டும் ஒரு கணக்கு: இரண்டு ஏக்கர் மானாவாரியில் கொத்தமல்லி போடும் ஒரு பெண்மணிக்குப் புரட்டாசியில் விதை, உழவு, உரம், களைக்கூலி எல்லாம் சேர்த்து ரூ.12,000 வேண்டும். மாசியில் 4 குவிண்டால் வருகிறது. அப்போது விலை குவிண்டால் ரூ.6,000 என்று வைத்துக்கொள்வோம்.

முதல் வழி, கடைப் பற்று. நம் பழக்கத்தையும் மறைக்காமல் பேச வேண்டும். பற்றுக்குக் கொடுக்கும் சரக்கில் ரொக்க விலையைவிட ரூ.600 கூடுகிறது. விளைந்ததைப் பற்று எழுதிய மண்டிக்கே போட வேண்டும் என்பதால் குவிண்டாலுக்கு ரூ.300 குறைகிறது, அதில் ரூ.1,200. ஆக ரூ.1,800. வட்டி என்ற பெயரே இல்லை; ஆனால் ஐந்து மாதத்துக்கு நூற்றுக்கு 15, ஆண்டுக்கு 36 ஆகிவிட்டது. இதில் ஒரு நன்மையும் உண்டு. மாசி வரை யாரும் வாசலில் வந்து நிற்பதில்லை. மழை பிந்தினால் கணக்கும் பிந்துகிறது. இந்தப் பொறுமையால்தான் கடைப் பற்று இத்தனை தலைமுறை நிலைத்திருக்கிறது.

இரண்டாவது வழி, வாரத் தவணைக் கடன். குறையும் நிலுவைக்கு 24 சதவீதம், 50 வாரம் என்றால் வாரம் ஏறக்குறைய ரூ.270. கடைப் பற்றைவிட வட்டி குறைவு. ஆனால் முதல் வாரமே தவணை தொடங்கிவிடுகிறது. புரட்டாசியிலிருந்து மாசி வரை 22 வாரத்தில் ரூ.5,940 கட்டியாக வேண்டும். முதல் மூட்டை கட்டுவதற்கு முன்பே கடனில் ஏறக்குறைய பாதிப் பணம் வெளியேறிவிடுகிறது. அதைக் கூலியிலிருந்தோ, குஞ்சு குட்டிகளை விற்றோ, இன்னொரு நிறுவனத்தில் கடன் வாங்கியோதான் கட்ட வேண்டும். ஆடு வாங்கினாலும் இதே சங்கடம்தான். சினைக்காலமே ஐந்து மாதம். குட்டி ஈன்று, அது வளர்ந்து சந்தைக்கு வர இன்னும் பல மாதங்கள். வாரத் தவணையோ ஆட்டின் கணக்கைப் பார்ப்பதில்லை.

மூன்றாவது வழி, குழுவின் சொந்த நிதி. மாதம் நூற்றுக்கு ஒன்று. வட்டி மட்டும் மாதாமாதம் ரூ.120, அசல் மகசூலுக்குப் பிறகு. ஐந்து மாதத்தில் வட்டி ரூ.600. அந்த வட்டியும் குழுவின் பெட்டிக்கே திரும்புகிறது. மாசியில் இரண்டு குவிண்டால் விற்றால் அசல் ரூ.12,000 அடைந்துவிடும். மீதி இரண்டு குவிண்டாலை அவர் விருப்பம்போல் வைத்திருந்து விற்கலாம். விலை ஏறும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் எப்போது, யாரிடம் விற்பது என்று தீர்மானிக்கும் உரிமை அவரிடம் இருக்கிறது.

மூன்று வழிகளையும் ஒப்பிட்டால் நமக்குக் கிடைக்கும் பாடம் இதுதான்: மானாவாரிக் குடும்பத்துக்குக் கடன் தொகையும் வட்டியும் முக்கியம், அவற்றைவிட முக்கியம், பணம் எந்த மாதத்தில் வருகிறது, எந்த மாதத்தில் திரும்பக் கேட்கப்படுகிறது என்பது. வங்கிகள் குழுக்களுக்குத் தரும் கடனும் பெரும்பாலும் மாதத் தவணையில்தான் இருக்கிறது. இது விவசாயக் குடும்பங்களுக்குப் பொருந்துகிறதா என்று வங்கிகளும் யோசிக்க வேண்டும்.

வறுமை குறைந்ததா?

சிறுகடனால் மட்டும் வறுமை ஒழிந்துவிடும் என்ற பிரசாரத்தை உலக அனுபவம் ஏற்கவில்லை. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலிய பொருளாதார அறிஞர்கள் ஹைதராபாத் குடிசைப் பகுதிகளில் நடத்திய ஆய்வு 2015ல் வெளியாயிற்று. நுண்கடன் வந்த பகுதிகளில் சிறு தொழில்களில் முதலீடு கூடியது. ஏற்கெனவே தொழில் நடத்தியவர்கள் ஓரளவு பயன் பெற்றார்கள். ஆனால் குடும்பச் செலவு, பிள்ளைகள் கல்வி, வீட்டில் பெண்களின் அதிகாரம் இவற்றில் குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்படவில்லை. மொராக்கோ, மெக்சிகோ, மங்கோலியா, எத்தியோப்பியா, போஸ்னியா நாடுகளில் நடந்த ஆய்வுகளும் ஏறக்குறைய இதையே கூறின.

ஆனால் கடனின் காலத்தை மாற்றினால் பலன் மாறுகிறது. கொல்கத்தாவில் நடந்த ஓர் ஆய்வில் (2013ல் வெளியானது) தவணை தொடங்க இரண்டு வாரத்துக்குப் பதில் இரண்டு மாத அவகாசம் தரப்பட்ட பெண்கள் தொழிலில் அதிகம் முதலீடு செய்தார்கள். நாளடைவில் இலாபமும் கூடியது. கூடவே தவணை தவறியவர்களின் எண்ணிக்கையும் கூடியது என்பதையும் சொல்ல வேண்டும். அவகாசத்துக்கு ஒரு விலை உண்டு.

நமக்கு இன்னும் நெருக்கமானது கென்யா நாட்டு அனுபவம். அங்கு மக்காச்சோள விவசாயிகளுக்கு அறுவடை நேரத்திலேயே கடன் கொடுத்துப் பார்த்தார்கள். கைச்செலவுக்குப் பணம் இருந்ததால் அவர்கள் தானியத்தை உடனே விற்காமல் இருப்பு வைத்து, விலை ஏறியபின் விற்றுக் கூடுதல் வருமானம் பெற்றார்கள். 2019ல் வெளியான அந்த ஆய்வு, நிறைய விவசாயிகள் இக்கடனைப் பெற்ற வட்டாரங்களில் அறுவடைக்கால விலைச் சரிவே சற்றுக் குறைந்தது என்றும் கூறியது. வணிகர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மலிவில் வாங்கி அடுக்கும் இலாபம் குறையும். ஆனால் சரக்கு ஆண்டு முழுவதும் சீராக வரும்.

மழை பொய்த்தால்

ஒரு கண்மாய், ஒரு கிராமம், ஒரு குழு. மழை பொய்த்தால் உறுப்பினர் அத்தனை பேருக்கும் ஒரே சமயத்தில் நஷ்டம். அந்த ஆண்டில் ஒருவருக்கொருவர் ஜாமீன் நிற்பது இயலாத காரியம். ஆடுகளும் ஒரே நேரத்தில் சந்தைக்கு வருவதால் விலை விழும். குழு நிதியால் தாங்க முடியாத சுமை இது. பயிர்க் காப்பீடும், கண்மாய் மராமத்தும், பக்கத்து ஊர்க் குழுக்களோடு சேர்ந்த கூட்டமைப்பும் இல்லாமல் சிறுகடன் மட்டும் மானாவாரிப் பூமியைக் காப்பாற்றாது.

கடன் வசூல் எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு ஆந்திரமே சாட்சி. ஒரே குடும்பத்துக்குப் பல நிறுவனங்கள் கடன் கொடுத்து, வசூல் நெருக்கடியால் தற்கொலைகள் நேர்ந்ததாகப் புகார்கள் எழுந்தன. 2010 அக்டோபரில் அந்த மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. வசூலே நின்றுபோயிற்று. அதன்பின் மாலேகாம் குழுவின் பரிந்துரைகளையொட்டி ரிசர்வ் வங்கி விதிகள் வகுத்தது. 2022ல் அவை திருத்தப்பட்டன. அத்திருத்தத்தின்படி, ஆண்டு வருமானம் ரூ.3 லட்சத்துக்கு உட்பட்ட குடும்பங்களுக்கு ஈடில்லாமல் தருவதே நுண்கடன். ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து அதன் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. தமிழ்நாட்டில் 2003 முதல் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. மிரட்டி வசூலிப்பதைத் தடுக்க 2025ல் மற்றொரு சட்டமும் இயற்றப்பட்டது.

வணிகர்கள் செய்யத்தக்கவை

குழுக்கள் வளர்ந்தால் நம் பிடி தளரும் என்று சில உறுப்பினர்கள் அஞ்சுகிறார்கள். பற்றால் கட்டிப் போட்ட வாடிக்கையாளர் தளர்வது உண்மைதான். ஆனால் வாராத பற்று எத்தனை, மழையில்லாத ஆண்டில் தள்ளுபடி செய்தது எத்தனை என்று நம் ஐந்தொகையைப் பார்த்தால், ரொக்கம் கொடுத்து வாங்கும் வாடிக்கையாளரின் அருமை விளங்கும். விதைப்புக் காலத்தில் குழுவில் கடன் வாங்கிய பெண் அந்தப் பணத்தை நம் கடையில்தான் செலவிடுகிறார். ஆகவே கீழ்க்கண்டவற்றை நம் உறுப்பினர்கள் பரிசீலிக்கலாம்.

1. ரொக்க விலை, பற்று விலை இரண்டையும் பில்லில் தனித்தனியே எழுதுங்கள். வித்தியாசம் தெரிந்தால் குழுவில் வாங்குவதா, கடையில் வாங்குவதா என்று அவர்களே முடிவு செய்வார்கள். நம்பிக்கையும் வளரும்.

2. பற்றுக் கணக்கையும் சரக்குக் கொள்முதலையும் பிரித்து வையுங்கள். அன்றைய சந்தை விலைக்கு, சரியான எடைக்கு, சாக்குக் கழிவு இவ்வளவு என்று முன்கூட்டியே சொல்லி வாங்குங்கள். கடனை அந்தப் பணத்தில் கழித்துக்கொள்ளலாம்.

3. குழுவாகச் சேர்ந்து விதை, உரம் வாங்க வந்தால் மொத்த விலை கொடுங்கள். பத்துப் பேர் தனித்தனியே பற்றுக்கு வாங்குவதைவிட, ஒரே நாளில் ரொக்கத்துக்கு வாங்கினால் நமக்கும் முதல் உடனே திரும்பும்.

4. குழுவாகச் சரக்குக் கொண்டு வந்தால் தரம் பிரித்துக் கொண்டுவரச் சொல்லிக் கொடுங்கள். மிளகாயில் பழமும் சண்டும், கொத்தமல்லியில் ஈரமும் தூசியும் விலையை எவ்வளவு மாற்றும் என்பது நமக்குத்தான் தெரியும். ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் சரக்கை இருப்பு வைத்து அதன்பேரில் பொருளீட்டுக் கடன் பெறும் வசதி உண்டு என்பதையும் எடுத்துச் சொல்லுங்கள்.

5. வாடிக்கையாளர் ஒருவர் வாரத் தவணை கட்டுவதற்காகக் கடையில் கைமாற்றுக் கேட்டால், அது அபாய அறிகுறி என்று கொள்ளுங்கள். மேலும் பற்று ஏற்றாமல், குழுவிலோ வங்கியிலோ தவணையை மாற்றியமைக்க வழி இருக்கிறதா என்று விசாரிக்கச் சொல்லுங்கள்.

6. வங்கி மேலாளர்களைச் சந்திக்கும்போது, நம் பகுதிக் குழுக்களுக்கு மார்கழி வரை வட்டி மட்டும், அசல் தை முதல் சித்திரைக்குள் என்ற தவணை முறையைச் சங்கத்தின் சார்பில் வற்புறுத்துவோம். மாசிக்கு முன் மானாவாரி விவசாயியிடம் பணம் இராது என்பதை நம்மைவிட நன்கு அறிந்தவர் யார்?

நம் முன்னோர்கள் மாசி வரை காத்திருந்து வியாபாரம் செய்தார்கள். அந்தப் பொறுமைக்கு விலை வைத்தவர்களும் அவர்களே. விளைச்சல் வரும்வரை பொறுத்திருக்கும் கடனும், விளைந்ததை விரும்பியவரிடம் விற்கும் சுதந்திரமும் ஒருசேரக் கிடைக்கும் குடும்பம், நம் கணக்கின்படி ஆண்டுக்கு ஆண்டு சற்று மேலேறும். அந்தக் குடும்பத்தின் பெண்மணி அடுத்த புரட்டாசியில் நம் கடைக்கு வரும்போது ரொக்கத்தோடு வருவார். அதற்கு வேண்டியதைச் செய்வது தருமம் மட்டுமல்ல, நல்ல வியாபாரமும் ஆகும்.